ஃப்ளமாக்ஸின் பூர்வீகம்

எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் பூர்வீகம் தெரியுமென்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது பெரும்பிழை. ஒருவரைத் திருதிருவென்று விழிக்க வைப்பதைக் குறிக்கும் 'ஃப்ளமாக்ஸ்' எங்கே பிறந்ததென்று கேட்டால், அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள்.

கொம்பனூர் ஜமீன்தாருக்கு ஆங்கிலப் பத்திரிகை வாசித்துக் காட்டும் பிச்சாண்டியும், அவர் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கேட்டபோது, அதையேதான் சொன்னான். அவர் காதில் ஏறவில்லை.

"என்னடா தெரியாது? சாயங்காலம் விருந்தாளிங்க முன்னால சொல்லியாகணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

எதைச் சொன்னாலும் "எனக்கு அப்பவே தெரியும்" என்கிற மனுஷரிடம் என்னதான் செய்வது? பிச்சாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

சாயங்காலம் சபையில் எழுந்து நின்றான். "எசமான், ஃப்ளமாக்ஸ்ங்கிறது சீமையில ஒரு ஆட்டுக்கிடா பேரு. கண்ணாடியில தன்னையே பார்த்து அது மிரண்டு நின்னுச்சாம்."

"தெரியுமே! லண்டன் புஸ்தகத்துல அப்பவே படிச்சிருக்கேன்" என்றார் ஜமீன்தார்.

"அப்படிங்களா? மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது நானா கட்டிவிட்ட கதைங்க அது."

ஜமீன்தார் திறந்த வாய் மூடாமல் விழித்தார்.

பிச்சாண்டி விருந்தாளிகள் பக்கம் திரும்பினான். "பூர்வீகம் யாருக்கும் தெரியாதுங்க. அர்த்தம் இதோ உட்கார்ந்திருக்கு."

அவன் வேலை போகவில்லை. மறுநாள் முதல் ஜமீன் குதிரைகளுக்குப் புல் அள்ளிப் போட்டான்.