அகவிக்கொண்டு வந்த ஆய்வாளர்

செம்மண் குன்றுகள் சூழ்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, பேராசை பிடித்த கரடி ஒன்று கிழங்குச் சுரங்கம் நடத்தி வந்தது. முள்ளம்பன்றிகளும் பெருச்சாளிகளும் முயல்களும் அதில் கூலிக்கு மண் தோண்டின. கூரை சரியாமல் தாங்க மூங்கில் கழிகளை நட வேண்டும் என்பது சிங்க அரசரின் ஆணை. கரடியோ நடுவதில்லை. கழி நிற்கும் இடத்தில் கிழங்கைத் தோண்ட முடியாதே!

ஆணை நடக்கிறதா என்று பார்த்துவர அரசர் அனுப்பும் ஆய்வாளர் மயில். தற்பெருமை மிக்க அம்மயில், புறப்படும்போதே குன்றின்மேல் நின்று காடெங்கும் கேட்க அகவும். தன் வருகையை முழங்குவதுதான் பதவிக்கு அழகு என்பது அதன் எண்ணம்.

அகவல் கேட்டதும் கரடி வேலையை நிறுத்தும். ஒளித்து வைத்த கழிகளை நட்டுவிடும். மயில் போனதும் அவற்றைப் பிடுங்கி, ஓடைக்கு அப்பால் சுரங்கம் வைத்திருந்த தன் மைத்துனனுக்குக் குறுக்கு வழியில் அனுப்பும். சுற்று வழியில் ஆடி அசைந்து வரும் மயில், அங்கும் அதே கழிகளைக் கண்டு மகிழும்.

சென்ற மழைக்காலத்தில் மண் சரிந்து, கூரி என்னும் முள்ளம்பன்றியின் தங்கை ஒரு காலை இழந்தாள். இப்போது அதே இடத்தில் தோண்டும் முறை கூரியின் கணவனுக்கு வந்திருந்தது. ‘இவரையும் மண்ணுக்குக் கொடுப்பேனோ?’ என்று கூரியின் நெஞ்சு கொதித்தது.

அன்று மயில் அகவியது. வேலை நின்றது. கழிகள் எழுந்தன. சற்றைக்கெல்லாம் வந்த மயில், தோகை அழுக்காகும் என்று அஞ்சி வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தது.

“அருமை! என் ஆய்வின் பயனைப் பாருங்கள். நான் வரும் நாளில் ஒரு பிடி மண்கூடச் சரிந்ததில்லை!”

“நீங்கள் வரும் நாளில் வேலையே கிடையாதே, ஐயா! மண் யார் தலையில் சரியும்?” என்றாள் கூரி.

பெருச்சாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

“யார் இவள்?”

“வாய்த்துடுக்குக்காரி, ஐயா. உடம்பெல்லாம் முள், நாக்கிலும் முள்” என்று குழைந்தது கரடி.

மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தது. அது கண்ணுக்கு மறைந்ததும், “பிடுங்குங்கள் கழிகளை! ஓடுங்கள்!” என்று கரடி கத்தியது.

கூரி உள்ளே பாய்ந்து நடுக்கழியைக் கட்டிக்கொண்டாள். அவள் முட்கள் சிலிர்த்து எழுந்தன.

“அடியே! புத்தி பேதலித்துவிட்டதா? விடு!”

“எடுத்துப் பாருங்கள், முதலாளி.”

கரடி கையை நீட்டியது. அலறிக்கொண்டு உள்ளங்கையை நக்கியது. “நாளை முதல் உனக்கு வேலை இல்லை!”

“இந்தக் கழி இல்லாவிட்டால் நாளைக்கு நாங்களே இல்லை!”

அவள் கணவன் அடுத்த கழியைப் பற்றினான். பெருச்சாளிகள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தன. முயல்களும் வந்து ஒட்டிக்கொண்டன. “எங்களுக்குப் பயமாய்த்தான் இருக்கிறது, முதலாளி. ஆனாலும் விடமாட்டோம்!”

அப்போது மைத்துனக் கரடி மூச்சிரைக்க ஓடி வந்தது. “அத்தான்! கழிகள் எங்கே? மயிலார் என் வாசலில் நிற்கிறார்! ‘இதோ, அத்தான் வீட்டிலிருந்து எடுத்து வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தேன்!”

கரடி கண்ணைக் காட்டியது. மைத்துனன் திரும்பிப் பார்த்தான். பின்னாலேயே தொடர்ந்து வந்த மயில் அங்கே நின்றது. வழியெல்லாம் அது அகவவில்லை. தோகையில் முள்ளும் சேறும் ஒட்டியிருந்தன.

“இரண்டு சுரங்கத்துக்கும் இவைதாமா?”

“உறவுக்குள் கொடுத்து வாங்குவதுதானே, ஐயா…” என்று கரடி தலையைச் சொறிந்தது.

மயில் முதன்முறையாகச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. கூரையின் வெடிப்புகளையும் சரிந்த மண்ணையும் கண்டது. வெளியே வந்து, மைத்துனன் சுரங்கத்துக்கு அன்றே புதுக்கழிகள் வெட்டி நடும்படி இரு கரடிகளுக்கும் ஆணையிட்டது. பிறகு தணிந்த குரலில், “இனி நீ கழியை விடலாம், அம்மா. நான்தான் வந்துவிட்டேனே” என்றது.

“நீங்கள் வந்தபோதெல்லாம் கழிகள் நின்றன, ஐயா. நீங்கள் போன பிறகுதான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது!”

கூரி விடவில்லை. யாருமே விடவில்லை.

நீதி: ஆய்வாளர் வரும்போது எது நிற்கிறது என்பதைக் கொண்டல்ல, அவர் போன பின் எது நிற்கிறது என்பதைக் கொண்டே ஆய்வை அளக்க வேண்டும்.