ஒன்றும் முளைக்காத தட்டு

குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தோரு வயது. அவருடைய குரு பிலோமினா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். குடிநீர்ப் பரிசோதனையில் இருபது வருஷம் ஓட்டிவிட்டுக் கிருமிநாசினிப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த குற்றாலிங்கம், அந்தப் பெண்ணிடம்தான் தொழிலை முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு பெண்களுக்குத் தையலில் சீழ் பிடித்தது. தரை துடைக்கிற மருந்தில் கோளாறா, துடைக்கிறவளிடம் கோளாறா என்று கேட்டு மருந்து பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பிலோமினா விடுப்பில் இருந்த வாரம் அது. குற்றாலிங்கமே சோதித்தார். கிருமிக் கரைசலில் மருந்தை ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டு, அதில் கொஞ்சம் எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் பரப்பினார். மறுநாள் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. மருந்து நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

மருந்து நல்லது என்றால் பழி யார் தலையில் விழும்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மருந்தில் தண்ணீரைக் கூடுதலாகக் கலந்து ஏமாற்றினார் என்று துப்புரவு வேலை பார்த்த இசக்கியம்மாளை விசாரணை வைத்து நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருஷம் அந்தத் தரையைத் துடைத்தவர். அதே மருந்தை அதே தரையில் ஊற்ற வேறொருத்தியும் வந்தாயிற்று. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

விடுப்பு முடிந்து வந்த பிலோமினா அறிக்கையைப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"மருந்தை முறிச்சீங்களா சார்?"

பத்து நிமிஷம் ஆனதும் மருந்தின் வீரியத்தை முறிக்க ஒரு கரைசலைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டில் பரப்புவது. குற்றாலிங்கம் அதைச் சேர்க்கவில்லை. கொல்லுமா என்று பார்க்க வந்த மருந்தை நாமே கெடுத்தால் அது மருந்துக்குச் செய்கிற அநியாயம் அல்லவா என்று நினைத்திருந்தார். அதையே சொன்னார். இருபது வருஷ சர்வீஸ்காரனை இப்படி நிற்க வைத்துக் கேட்பதா என்று அவருக்கும் கோபம்.

"தட்டுல ஒண்ணுமே முளைக்கல மேடம். செத்ததுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

பிலோமினா எழுந்து உள்ளே போனார். எடுத்து வைத்திருந்த அந்த வெறும் தட்டைக் கொண்டுவந்தார். மருந்தே படாத கிருமிகள் இருந்த குழாயிலிருந்து கம்பி நுனியளவு எடுத்து அதன்மேல் இழுத்தார். அதே குழாயிலிருந்து எடுத்து ஒரு புதுத் தட்டிலும் இழுத்தார். இரண்டையும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவை அறைந்து சாத்தினார்.

மறுநாள் புதுத் தட்டில் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன. குற்றாலிங்கத்தின் தட்டு முந்தின நாள் போலவே வெறுமையாக இருந்தது.

"நேத்து நான் உயிரோடதான் வச்சேன். நீங்களும் பக்கத்துல நின்னீங்க. இதுவும் செத்துப்போச்சுன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

குற்றாலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. கரைசலோடு சேர்ந்து தட்டுக்கு வந்த மருந்து அங்கேயும் கிருமியைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கிறது. உடனே போய், முறிக்கும் கரைசலைத் தயாரித்துச் சோதனையை முதலிலிருந்து செய்தார். அடுத்த நாள் தட்டைப் பார்த்தால் முளைத்திருந்த கிருமிகளை எண்ணவே முடியவில்லை. பிலோமினா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார்.

குற்றாலிங்கம் புது அறிக்கை எழுத உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மனுஷனுக்கு வெட்கம் வந்தால் கோபத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

"அந்த இசக்கியம்மாளாவது வாயைத் திறந்திருக்கலாம் மேடம். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. தண்ணி கலந்தியான்னு நானே கேட்டேன். தலையைக் குனிஞ்சுட்டு நின்னா, ஒரு வார்த்தை வரல. தப்பு செய்யாதவ எதுக்குப் பேசாம இருக்கணும்?"

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"பெரிய டாக்டர் இருந்தாரு. அவளை வேலைக்கு வச்ச காண்டிராக்டர் பக்கத்துலயே நின்னாரு. மருந்து சப்ளையும் அவருதான்."

பிலோமினா அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினார்.

"அப்போ அங்கயும் மருந்தை முறிக்காமதான் சோதிச்சிருக்கீங்க."