பஞ்சு ஊறும் நேரம்

“சிஃபு, இதுவும் கருகிடுச்சு!”

வீரையா கடைக்குள் நுழையும்போதே கத்தினார். கையில் இருந்த வேப்பை, அந்த மின் சிகரெட்டை, கண்ணாடி மேசைமேல் டக்கென்று வைத்தார்.

மலேசியாவின் கிள்ளானில் அந்தச் சின்ன வேப் கடையை நடத்துகிறவள் யோகேஸ்வரி. வயது முப்பத்தொன்று. வீரையாவுக்கு ஐம்பத்தெட்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆனாலும் அவருக்கு அவள்தான் சிஃபு. கைவேலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயதெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

“உட்காருங்க அங்கிள்.”

“உட்கார நேரம் இல்லம்மா.”

“எங்கே போகணும்?”

“எங்கேயும் இல்ல.”

சொல்லிவிட்டு நின்றுகொண்டே காலை ஆட்டினார். ஆள் தங்கமானவர். ஆனால் ஒரு இடத்தில் இருப்பது மட்டும் அவருக்கு ஆகாது. பேருந்து வரவில்லை என்றால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய், இடையில் வந்த பேருந்தைக் கோட்டை விடுகிற ரகம்.

“சிகரெட்டை விட்டு எத்தனை நாள் ஆச்சு?”

“அஞ்சு. காலையில இது கருகி வாயெல்லாம் காந்திடுச்சு. ஒரு பாக்கெட் வாங்கிட்டேன்.”

“பத்த வச்சீங்களா?”

“இன்னும் இல்ல.”

அந்த ‘இன்னும்’ என்ற வார்த்தையில் அவருக்கே பயம் இருந்தது.

அவருடைய மகள் சுகந்திக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஒரு கிலோ முந்நூறு கிராம். மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. தாத்தா பாட்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒவ்வொருவராக, பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள்.

முதல் ஞாயிறு வீரையா போனார். பாசம் தாங்காமல் குழந்தையின் முதுகைத் தேய் தேய் என்று தேய்த்தார். குழந்தை விலுக்கென்று உதறியது, இயந்திரம் கத்தியது, தாதிகள் ஓடி வந்தார்கள். அடுத்த ஞாயிறு சிகரெட் வாடையோடு போனார். சுகந்தி கதவிலேயே மறித்துவிட்டாள்.

“வர்ற ஞாயிறும் இப்படி வந்தீங்கன்னா, பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் நீங்க வாசல்லயே நின்னு பார்த்துட்டுப் போங்கப்பா.”

சுகந்தி சும்மா சொல்கிறவள் இல்லை. வீரையா கார் நிறுத்துமிடத்துக்குப் போய் அழுதார்.

அன்று வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

“உள்ள இருக்கிற பஞ்சுதான் சரியில்ல. ஜப்பான் பஞ்சு குடு.”

“இது ஜப்பான் பஞ்சுதான்.”

“அப்போ பஞ்சுக்குப் பதிலா அந்தக் கண்ணாடி நூல்?”

“முந்தாநாள் குடுத்தேன்.”

“கம்பி வலைன்னு ஒண்ணு சொன்னியே?”

“அதைத்தான் ஜன்னல் வழியா வீசிட்டேன்னு சொன்னீங்க.”

வீரையா மறுபடி காலை ஆட்டினார்.

யோகேஸ்வரி வேப்பின் டேங்க் மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே விரல்நுனி அளவுக்கு ஒரு கம்பிச் சுருள். அதன் நடுவே பஞ்சுத் திரி. திரியின் இரண்டு நுனியும் கீழே திரவத்தில் நனைந்து, ஈரத்தை மேலே ஏற்ற வேண்டும். கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். திரி காய்ந்திருக்கும்போது பொத்தானை அழுத்தினால் பஞ்சுதான் எரியும்.

இடுக்கியால் பஞ்சை இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

“அடேயப்பா! இவ்வளவும் இதுக்குள்ளயா அங்கிள்?”

“நிறைய இருந்தா நிறைய குடிக்கும்ல?”

“குடிக்க வழி எங்க விட்டீங்க?”

அவள் புதிய பஞ்சு ஒன்றைச் சுருளுக்குள் கோத்து, கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினாள்.

வீரையா வெட்டினார். நீளம். அவள் தலையை ஆட்டி, பஞ்சை உருவிப் போட்டுவிட்டு வேறொன்றைக் கோத்தாள்.

வெட்டினார். அதுவும் நீளம். காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் கை எப்போதும் கொஞ்சம் தள்ளியே வெட்டியது.

ஐந்தாவது முறை கோபத்தில் ஒட்ட வெட்டினார். அவள் திரவத்தை ஊற்றி மூடிக் கையில் கொடுத்தாள். பஞ்சு எட்டாததால் திரவம் அடியிலிருந்து ஒழுகி அவர் சட்டையெல்லாம் பிசுபிசுத்தது.

“எவ்வளவு நீளம்னு சொல்லித் தொலையேன்மா! எத்தனை மில்லிமீட்டர்? எழுதிக் குடு, சுவத்துல ஒட்டி வச்சுக்கிறேன்!”

அவள் டேங்கில் ஒட்டிய திரவத்தைத் துடைத்தாள். ஆறாவது பஞ்சைத் தானே வெட்டினாள். ஊசியால் நுனிகளைக் கோதி மெல்லிசாக்கினாள். இரண்டு பக்கமும் இருந்த துளைகளின் வாயில் அவற்றை இறக்கி, ஊசியை எடுத்துவிட்டாள்.

வீரையா குனிந்து பார்த்தார்.

“சும்மா தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு?”

“ஆமா.”

“உள்ள தள்ளி அழுத்தலயே?”

“இல்ல.”

“இது போதுமா?”

அவள் திரவத்தை ஊற்றி மூடினாள். வீரையாவின் கை பொத்தானுக்குப் பாய்ந்தது. அதற்குள் அவள் பேட்டரியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“ஏம்மா! குடு லா!”

“ஊறட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“ஊறுற நேரம்.”

“அஞ்சு நிமிஷமா, பத்து நிமிஷமா?”

அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கடையைக் கூட்டப் போனாள்.

வீரையா கதவுவரை நடந்தார். திரும்பி வந்தார். அலமாரியில் இருந்த பாட்டில்களின் பெயர்களை வாசித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். மாம்பழ ருசியா, மெந்தால் ருசியா என்று யாரும் கேட்காமலே தனக்குத்தானே பேசினார். கடைசியில் அந்தச் சின்ன டேங்கைக் கையில் எடுத்துக் குலுக்கினார்.

“ஆட்டினா சீக்கிரம் ஊறுமா?”

“நீங்கதான் அங்கிள் ஆடுறீங்க. அது பாட்டுக்கு ஊறிக்கிட்டு இருக்கு.”

அவருக்குச் சுருக்கென்றது. பெற்ற மகளே கதவில் மறிக்கிறாள், இந்தப் பொண்ணும் கிண்டல் பண்ணுகிறது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போனால் தன் சட்டைப் பையில் இருக்கும் சிகரெட்டைப் பற்ற வைத்துவிடுவார். அதுவும் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் டேங்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

இத்தனை நாளில் அதற்குள் என்ன நடக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஞ்சு நுனி திரவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலே வெள்ளையாக இருந்த இடம் மெல்ல மெல்ல நிறம் மாறியது. ஒரு சின்னக் குமிழி எழுந்து மேலே போனது.

“யோகேஸ்.”

சிஃபு என்று கூப்பிட மறந்துவிட்டார்.

“ம்?”

“இதை யாரு மேலே இழுக்கிறா?”

அவள் கூட்டுவதை நிறுத்தினாள்.

“யாரும் இழுக்கல அங்கிள். நாம கையை எடுத்துட்டோம், அவ்வளவுதான்.”

இன்னொரு குமிழி எழுந்தது. வீரையா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் ஆடவில்லை. அவள் பேட்டரியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவர் அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை.

வீரையா இரண்டு தடவை குளித்தார். வேப்பைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். சுகந்தி கதவில் நின்று அவர் சட்டையை மோந்து பார்த்தாள். விரல்களை மோந்து பார்த்தாள். பிறகு ஒதுங்கி நின்றாள்.

“பத்து நிமிஷம்தான்ப்பா. தயவுசெஞ்சு தேய்க்காதீங்க.”

முழங்கைவரை கழுவினார். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டார். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டத் துளைக்குள் கையை விட்டார். குழந்தையின் முதுகே அவர் உள்ளங்கை அளவுதான் இருந்தது.

கையைக் குழந்தையின் பாதத்துக்குக் கீழே கொண்டுபோய், பட்டும் படாமல் வைத்தார்.

குழந்தை உதைத்தது. தட்டிக்கொடு, தூக்கு, ஏதாவது செய் என்று உடம்பு முழுக்க நச்சரித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை வைத்த இடத்திலேயே வைத்திருந்தார். குழந்தை மறுபடி உதைத்தது. இயந்திரத்தில் எண்கள் ஏறின, இறங்கின. அவர் எண்களைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் கழித்து அந்தச் சின்னப் பாதம் தானே வந்து அவர் கைமேல் சாய்ந்து நின்றுகொண்டது.

தாதி பக்கத்தில் வந்து நின்றாள்.

“நேரம் முடிஞ்சிருச்சு அங்கிள்.”

“இப்பத்தானேம்மா வந்தேன்?”

“அரை மணி நேரம் ஆச்சு. உங்க மகதான் தொந்தரவு பண்ண வேணாம்னு சொன்னாங்க.”

“பிள்ளையையா?”

“உங்களை.”