ஓரத்துத் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு ஓடை இருந்துச்சாம். ஓடைன்னுதான் பேரு, நத்தையாட்டம் நகருமாம். அதோட கரையில பேச்சின்னு ஒருத்தி வாத்து மேய்ச்சா. புருஷனைச் சாமி கூட்டிக்கிட்டதுல இருந்து அவளுக்குன்னு இருந்த உசுரு அந்த வாத்துங்கதான். ம் சொல்லு கண்ணு.

அந்த ஊர்ல மீன் பிடிக்க ஒரு வழக்கம். காக்காக்கொல்லி விதையை டொக்கு டொக்குன்னு இடிச்சு ஓடையில கரைப்பாங்க. மீனெல்லாம் கிறங்கி மேல வரும், அள்ளிக்கலாம். மழை பெஞ்சு தண்ணி சலசலன்னு ஓடறப்பதான் கரைக்கணும். அந்த வருஷம் மழையே இல்ல. ஆனாலும் பேச்சியோட கொழுந்தன் மாசாணம் கரைச்சுட்டான். அவ பதறிப்போய்க் கேட்டதுக்கு, "தண்ணி நின்னா இருக்கு மதினி? கொண்டு போயிரும். உங்க வாத்துக்குன்னு தனியா ஒரு ஆத்தைக் கொண்டாரவா?"ன்னு சிரிச்சான்.

அப்புறம் பேச்சி வாத்துங்களைப் பட்டியில அடைச்சா. பசியில குவா குவான்னு ஒரே கத்தல். அவ இறங்கி நடு ஓடையைப் பார்த்தா. நுரையா இருந்துச்சு, திரும்பிட்டா. உச்சி வெயில்ல மறுபடி பார்த்தா. குஞ்சு மீனு மல்லாந்து வந்துச்சு, திரும்பிட்டா. பொழுது சாயற நேரம் மூணாவது வாட்டி பார்த்தா, தண்ணி பளிங்காட்டம் இருந்துச்சு. மீனு துள்ளுச்சு. அள்ளி மோந்தா, ஒரு வாடையும் இல்ல. "காப்பாத்திட்டே மாரியாத்தா"ன்னு கும்பிட்டுட்டுப் பட்டிப் படலைத் திறந்தா.

அப்போ வாத்துங்க தொபுக்கு தொபுக்குன்னு தண்ணியில விழுந்துச்சுங்க. நடுவுக்குப் போகல கண்ணு. வாத்து ஓரத்துலதானே மேயும், தாழம்புதருக்கு அடியில சேத்தைக் கிண்டி. நடுத்தண்ணி விஷத்தைக் கொண்டு போயிருச்சு. ஓரத்துத் தண்ணிதான் நகரவே இல்லையே. பரவி வந்த விஷம் அங்கயே ஊறி நின்னுச்சு. பேச்சிக்கு இது தெரியாததா? பசிக் கத்தல்ல அந்த நேரம் தோணல.

ஒண்ணு தலையைச் சாய்ச்சுச்சு. அப்புறம் இன்னொண்ணு. "பா பா பா"ன்னு கூப்பிட்டா. ஒண்ணும் திரும்பல. ஓடிப்போய் அள்ளினா, கழுத்தெல்லாம் துவண்டு தொங்குச்சு. மாசாணம் வந்து நின்னான். அப்போ அவன் சிரிக்கல.

அப்புறம் கீழூர்க்காரங்க தண்ணி காட்ட மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தாங்க. பேச்சி செத்த வாத்தை மடியில வெச்சபடியே, "ஓரத்துல இறக்காதீங்கய்யா, விஷம் நிக்குது"ன்னா. அவங்க ஓடையைப் பார்த்தாங்க. மீனு துள்ளிக்கிட்டு இருந்துச்சு. பாவம், துக்கத்துல பேசுறான்னு சொல்லி மாட்டை இறக்கிட்டாங்க.

ம் சொல்லலியே? சரி. கதை இத்தோட நின்னுச்சு, சாமியைக் கும்பிட்டுக் கண்ணை மூடு.