நாற்பது பாட்டில், பத்துத் தட்டு

தலைமை டாக்டர் தர்மசீலன் வந்தால் அந்த ஆஸ்பத்திரியில் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும். அன்று காலை நேராக லேபுக்குள் நுழைந்தார்.

"நாற்பது சிறுநீர் பாட்டில் இருக்கு. கிருமி வளர்த்துப் பார்க்கிற தட்டு பத்துதான். ஆனா ஒரு கிருமியும் தப்பக் கூடாது. தப்புச்சுன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சரிங்க சார்," என்றாள் லேப் உதவியாளர் லூர்தம்மாள்.

ஒரு தட்டின் விலைக்கு, கிருமிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என நிறம் மாறும் கட்டங்கள் ஒட்டிய பத்துச் சோதனைப் பட்டை வரும். பாட்டிலுக்கு ஒரு பட்டையை முக்கினாள். ஒன்பதில்தான் கிருமிக்கான கட்டம் நிறம் மாறியது. அந்த ஒன்பதை மட்டும் தட்டில் போட்டாள். ஒரு தட்டு மிச்சம்.

மாலையில் டாக்டர் ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு காகிதத் துண்டை நம்பி முப்பத்தொரு பாட்டிலை ஒதுக்கிட்டியா? இதோ, இந்த பாட்டிலைப் பத்தி உன் காகிதம் என்ன சொல்லுச்சு?"

"கிருமி இல்லைன்னு சொல்லுச்சு சார். ஆனா சர்க்கரைக் கட்டம் பழுப்பாயிருச்சு. சந்தேகப்பட்டு மோந்து பார்த்தேன். இளநீர்!"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். டாக்டர் குரல் இறங்கியது.

"யார் வெச்சாங்களாம்?"

"லேபிளை எங்க யாராலயும் படிக்க முடியல சார். இந்த ஆஸ்பத்திரியில அப்படி எழுதுறவர் ஒருத்தர்தானே!"

மறுநாள், பட்டை நூறு பெட்டி வாங்கச் சொல்லி டாக்டர் கைப்பட எழுதிய உத்தரவு வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது.