பூங்கோதையார் இட்ட சோதனை ஊசி

பென்சிலின் மருந்து புதிதாக வந்திருந்த காலம். காவிரிக் கரைக் கோயிலூர் ஒன்றின் தருமாஸ்பத்திரியில், புண் கட்டும் வார்டில் நர்ஸாகப் பணிசெய்தவர் பூங்கோதையார். காலையில் ஈசனைக் கும்பிட்டு வருவார். எவருக்கு மருந்து கொடுத்தாலும் பெயரைக் கேட்டு, சீட்டோடு ஒப்பிட்டு, அளவை இருமுறை பார்த்து, "சிவாயநம" என்று சொல்லியே கொடுப்பார்.

அந்த வார்டு பார்க்கச் சகிக்காது. சீழ்த்துணிகள் வாளியில் ஈ மொய்த்துக் கிடக்கும். மற்றவர்கள் மருந்து கொடுத்த விதம் அதைவிடக் கேவலம். வியர்த்த உள்ளங்கையில் மாத்திரைகளை அள்ளிவந்து கட்டில்தோறும் வீசுவார்கள். ஒருவரைக் குத்திய ஊசியை முந்தானையில் துடைத்து அடுத்தவரைக் குத்துவார்கள். பூங்கோதையார் அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஊசிகளைப் பிடுங்கிவந்து தாமே கொதிக்க வைப்பார். "சாமியாரம்மா பூசையை ஆரம்பிச்சாச்சு" என்று தலைமை நர்ஸ் நாகரத்தினம் சிரிப்பாள்.

ஒருநாள் முற்பகலில் பிச்சைக்காரர் ஒருவர் வந்து விழுந்தார். கால்புண்ணில் புழுக்கள் நெளிந்தன. நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து ஓடினர். பூங்கோதையாரும் வெளியே ஓடி வாந்தியெடுத்தார். வாயைக் கொப்பளித்து, "ஈசனே, இந்த மூக்கை மரத்துப்போகச் செய்யப்பா" என்று வேண்டித் திரும்பினார். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"பேரு என்னங்க ஐயா?"

"பிச்சாண்டி."

டாக்டர் பென்சிலின் எழுதியிருந்தார். ஒவ்வாத உடம்பென்றால் அது உயிரைக் குடித்துவிடும். முன்கையில் ஒரு துளி ஏற்றி அரைமணி பார்த்த பிறகே முழு ஊசி போடலாம்.

"இந்த நாத்தப் பிண்டத்துக்குச் சோதனை ஊசி வேறயா? முழுசாப் போட்டு வெளியே தள்ளுடி!" என்றாள் நாகரத்தினம்.

"பார்க்காமப் போட மாட்டேங்க அக்கா."

"அப்ப நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"சரிங்க அக்கா. இந்த அரைமணி மட்டும் இருந்துட்டுப் போறேன்."

துளி மருந்தை ஏற்றி, அந்த நாற்றத்தின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். முன்கை சிவந்து தடித்தது. பூங்கோதையார் ஓடிச் சென்று டாக்டரிடம் சொன்னார். அவர் திகைத்து, வேறு மருந்து எழுதினார். திரும்பி வந்தபோது கட்டில் காலி.

உச்சிக்கால அபிஷேகத்தின்போது குருக்கள் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிச்சை ஏற்கும் கோலத்து ஈசனான பிட்சாடனர் திருமேனியின் முன்கையில் ஏதோ தடித்திருக்கிறதாம். டாக்டரும் நாகரத்தினமும் பூங்கோதையாரும் கோயிலுக்கு ஓடினார்கள்.

டாக்டர் உற்றுப் பார்த்தார். "இது சோதனை ஊசித் தடிப்பு" என்றார். நாகரத்தினம் அப்படியே தரையில் விழுந்தாள்.

பூங்கோதையாருக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை. "இன்னும் வலிக்குதா ஐயா?" என்று கேட்டு அழுதார்.

நோயாளி யாராயினும் முறை பிறழாது மருந்திட்ட அத்தாயின் கைகள் வாழ்க!