மெதுவாக ஒரு பாட்டு

நாகர்கோவில் பக்கத்து சர்ச் பாடகர் குழுவில் ஆல்பின் வைத்ததுதான் சட்டம். கிட்டாரில் அவர் கை பறக்கும். இப்போதுதான் கிட்டார் பழகிக்கொண்டிருந்த ஷைனி, கிறிஸ்துமஸுக்கு வாசிக்க இடம் கேட்டாள்.

"என் வேகத்துக்கு வாசிச்சுக் காட்டு, பாக்கலாம்" என்றார் ஆல்பின், எல்லார் முன்னாலும்.

"அது எனக்கு வராதுண்ணே. என் வேகத்துக்கு நீங்க வாசிப்பீங்களா?"

ஆல்பின் சிரித்தார். "இதென்ன பெரிய காரியமா!"

ஷைனி போனில் தாளம் தட்டும் ஆப்பை மிக மெதுவாக ஓடவிட்டாள். இரண்டு தட்டுக்கு நடுவே நிதானமாக மூச்சை இழுத்து விடலாம். ஆல்பின் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்தார்; முதல் வரியிலேயே தட்டுக்கு முன்னால் அடித்துவிட்டார். சுதாரித்தார், மறுபடியும் முந்தினார். "போன் சரியில்ல" என்று நிறுத்திவிட்டார்.

அடுத்து ஷைனி அதே பாட்டை வாசித்தாள். கம்பியைத் தொடாதபோதும் அவள் கை காற்றில் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அடியும் தட்டோடு சேர்ந்து விழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். ஒருவர் பாட, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தெரிந்த பாட்டுதான், இவ்வளவு நிறைவாக அதை யாரும் கேட்டதில்லை.

ஆல்பின் மெல்லக் கேட்டார்: "கை ஏன் சும்மா ஆடிட்டே இருந்துச்சு?"

"நிறுத்துனா மறுபடி எப்போ அடிக்கணும்னு தெரியாதுண்ணே. புதுசுல்ல?"

ஆல்பின் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.